தீவுக் கோயிலில் மண்சோறு

நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சுங்க. ஒட்டுக் கேட்டேன்னு நெனச்சுக்காதீங்க, பக்கத்து சீட்டுல உக்காந்துட்டுக் காதப் பொத்திக்கவா முடியும்? கப்பல்ல போறீங்களா? மகளக் கட்டிக்குடுத்த சம்மந்தி வூட்டுக்காரங்களோடவா? ஐயோ, வேண்டாமுங்க. டிக்கெட் போட்டாச்சா? போட்டாச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. போடலீன்னா நாஞ்சொல்றதக் கேளுங்க, வேண்டாம்.

என்ற பேரு சாந்தாமணிங்க. அவிநாசி. பெங்களூர் போறேன், மகளப் பாக்க. நீங்களும் அங்கதானா? அப்பச் சரி, பொறுமையாச் சொல்லலாம்.

ஏன் வேண்டாங்கறேன்னா, சம்மந்தின்னா ஊர்ல வெச்சு நோம்பி நாளுக்கு ஒருக்காப் பாத்தமா, எலை நெறையப் பரிமாறுனமா, வாசல் வரைக்கும் போயி அனுப்பி வெச்சமான்னு இருக்கோணும். கப்பல்ல அது நடக்காதுங்க. காலைல பல்லு வெளக்கீட்டு வந்தா எதுத்தாப்ல அவிய. சாப்பிடப் போனா அவிய. சித்த நேரம் காத்தாட நிக்கலாம்னு மேல போனா அங்கயும் அவிய. நாள் பூராம் மூஞ்சியச் சிரிச்சாப்லயே வெச்சுக்கோணும். நாம பொண்ணக் குடுத்தவங்க. வாயத் தெறக்க முடியுங்களா?

எனக்கு ஒரே பொண்ணு, சிந்துஜா. அவங்கப்பா போயிச் சேந்து நாலஞ்சு வருசமாச்சு. நான் ஒத்தையில நின்னுதான் கல்யாணம் பண்ணி வெச்சேன். மாப்ளை பேரு நவநீதன், கோபிப் பக்கம், நூல் மில்லு வெச்சிருக்காங்க. நெம்ப நல்ல மனுசருங்க. ஒரு சொல்லு அதட்டிப் பேச மாட்டாரு. அதட்டி என்ன, சும்மாவே பேச மாட்டாரு. சம்மந்தியய்யாவும் அப்படித்தான். அந்த வூட்ல பேச்சு பூராம் சம்மந்தியம்மாதான். மோசமானவங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவிய ஒண்ணு நெனச்சாங்கன்னா அது நடந்தாகோணும்.

கல்யாணமாயி மூணு வருசமாயும் விசேசம் ஒண்ணுமில்ல. நீங்களும் பொண்ணக் குடுத்தவங்க, உங்களுக்குச் சொல்லோணுமா? எந்தக் கண்ணாலத்துக்குப் போனாலும் எவளாச்சும் ஒருத்தி பக்கத்துல வந்து உக்காந்து, "ஏனுங், மகளுக்கு ஏதாச்சும்..."னு இழுப்பா. சம்மந்தியம்மாவும் கூட்டீட்டுப் போகாத கோயிலில்ல. அரசமரஞ் சுத்தியாச்சு, தொட்டில் கட்டியாச்சு, ராமேசுவரம் போயாச்சு. கடைசியில சிந்துவே பேசி மாப்ளைய இழுத்துட்டு டாக்டர்கிட்டப் போனா. டாக்டரம்மா ரெண்டு பேரையும் பாத்துட்டு, பொண்ணுக்கு ஒரு கொறையுமில்லீங்க, பையனுக்குத்தான் வைத்தியம் பாக்கோணும், பாத்தாச் சரியாயிரும்னு சொல்லீட்டாங்க. மாப்ளை அத அவங்கம்மாகிட்டச் சொல்லவேயில்ல. திரும்ப டாக்டர்கிட்டயும் போகல. சிந்து எங்கிட்ட வந்து சொன்னா. நான் என்ன சொன்னேன்? "நீயும் சொல்லாத கண்ணு, ஆம்பளைக்கு ஒரு கொறைன்னு வெளிய தெரிஞ்சா அந்தக் குடும்பத்துக்கே தலக்குனிவு"ன்னேன். பொம்பளைக்குக் கொறைன்னா சனங்க ரெண்டு நாள் பேசீட்டு விட்ருவாங்க. அது பழகிப்போனதுதான?

இத யாருகிட்டயும் சொல்லீறாதீங்க. நீங்க எந்தூருங்க? ஈரோடா? ஐயோ, கோபிக்குப் பக்கமாச்சே. சொல்லீறாதீங்க தாயி.

சரி, கப்பலுக்கு வாரேன். சம்மந்தியய்யாவுக்கு அறுவதாங் கல்யாணம் முடிஞ்ச சந்தோசத்துல எல்லாரும் கப்பல்ல போலாம்னு மாப்ளை ஏற்பாடு பண்ணுனாரு. நான் எதுக்குங்க நடுவுல? வேண்டான்னுதான் சொன்னேன். சிந்துதான் ஒரே அடம். "அம்மா, நீ வந்தாத்தான் நான் போவேன்"னு நின்னுட்டா. கட்டிக்குடுத்த பொறகும் அம்மா மேல அத்தன பாசம். சரின்னு நானும் பொட்டியக் கட்டிக் கெளம்பீட்டேன்.

கப்பல் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. தெனமும் ஒரு ஊரு. நாஞ்சொல்றது அந்தக் கிரேக்க நாட்டுத் தீவு ஒண்ணு, பேரு வாயில நொழையாது. கப்பல் கரைக்குப் போகாதுங்க, ஆழம் பத்தாதாம். தள்ளி நிறுத்திச் சின்னப் படகுல எறக்கி உடுவாங்க. பொழுதோட அஞ்சு மணிக்குக் கடைசிப் படகு. அத விட்டா அவ்வளவுதான், யாருக்காகவும் கப்பல் நிக்காதுன்னு மைக்குல சொல்லிச் சொல்லிக் காது புளிச்சுப்போச்சு.

அன்னிக்கு வெள்ளிக்கெழமை. சம்மந்தியம்மா வெள்ளிக்கெழமையானா வெளிய கைநனைக்க மாட்டாங்க. காலைல கப்பல் சாப்பாட்டுக் கூடத்துல சோத்தையும் தயிரையும் எடுத்து அங்கயே பெசஞ்சு, ஒரு டப்பால போட்டு, கைப்பையில துண்டுக்கு அடியில வெச்சுட்டாங்க. சாப்பாட்டக் கரைக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு போர்டே வெச்சிருக்குதுங்க. எவனாச்சும் பையத் தெறந்து பாத்தா மானம் போகுமே. ஆனா நான் சொல்ல முடியுமா? அவிய சம்மந்தி.

கரையில ஒரு வேன் புடிச்சோம். மலைமேல மூணு ஊரு, மூணையும் காட்டிட்டுப் பொழுதுக்குள்ள எறக்கி உட்ருவேன்னான் டிரைவரு.

மொத ஊரு பூராம் வெள்ளையடிச்ச வூடு. கதவு சன்னலெல்லாம் நீலம். தெருன்னு ஒண்ணு கெடையாது, எங்க போனாலும் படிதான். எனக்கோ முட்டிவலி. செவுத்துல நம்மூரு காகிதப்பூ படர்ந்து கெடக்குது, அதப் பாத்ததும் ஒரு ஆறுதல். மாப்ளை பறக்கற கேமரா ஒண்ணு வெச்சிருக்காரு. அத மேல உட்டுட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே நடந்தாரு. சிந்துதான் எங்கையப் புடிச்சு ஏத்தி உட்டா. பாதிப் படியில நின்னு, "அம்மா, இன்னிக்காச்சும் அத்தைகிட்டச் சொல்லீறும்மா"ன்னா.

"என்னத்தடி?"ன்னேன். தெரிஞ்சுட்டேதான் கேட்டேன்.

"டாக்டர் சொன்னத. ஆடி அமாவாசைக்கு என்னைய மண்சோறு திங்க வெக்கறதா வேண்டியிருக்காங்களாம். நேத்து சாப்பிடறப்ப எல்லாருத்துக்கும் முன்னாடி சொல்றாங்க. நீயும் கேட்டுட்டுத்தான இருந்த?"

மண்சோறு தெரியுமில்லீங்க? கோயில்ல வெறுந்தரையில சோத்தப் போட்டு, கையப் பின்னாடி கட்டீட்டு மண்டி போட்டுக் குனிஞ்சு வாயாலயே எடுத்துத் திங்கறது. கொழந்தையில்லாதவங்க வேண்டுதல். எங்க பக்கமெல்லாம் இன்னும் திங்கறாங்க.

"ஊருக்குப் போயிப் பேசிக்கலாம் கண்ணு. ஊர் பாக்க வந்த எடத்துல எதுக்கு?"ன்னேன். அவ எங்கைய உட்டுட்டா. படியில நான் தடுமாறுனது அவளுக்குத் தெரீல.

ரெண்டாவது ஊர்ல ஒரு சாப்பாட்டுக் கடை. வாசல்ல கயித்துக் கொடி கட்டி, எட்டுக்காலோட என்னமோ ஒண்ணத் துணி காயப்போட்டாப்ல தொங்க உட்ருக்கான். கடல்ல புடிச்சதாம். சம்மந்தியம்மா அதப் பாத்துட்டு, "வெள்ளிக்கெழமை அதுவுமாக் கண்ணுல படோணுமா, சிவசிவா"ன்னு முந்தானையால மூக்கப் பொத்தீட்டு அக்கட்டப் போயி உக்காந்துட்டாங்க. சம்மந்தியய்யா மட்டும் திரும்பித் திரும்பி அதையே பாத்தாரு. அவருக்கு ஆசைதான் போல. கேக்க முடியுமா? அவரும் என்னையாட்டந்தான், பாவம்.

சிந்து எம்பக்கத்துல வந்து உக்காந்தா. காபி வந்துச்சு. "அம்மா, நீ சொன்னா நம்புவாங்க. நான் சொன்னா எம்மகன் மேல பழியப் போடறயான்னு கேப்பாங்க. அவரு சாகற வரைக்கும் சொல்ல மாட்டாரு. உன்னைய எதுக்கும்மா இந்தக் கப்பலுக்குக் கூட்டியாந்தேன்?"ன்னா.

"ஊர் பாக்கத்தான் சாமி"ன்னேன்.

அவ என்னையவே பாத்தா. கண்ணுல தண்ணி நிக்குது. பெத்தவளுக்கு வலிக்காதுங்களா? எனக்கும் வலிச்சுதுங்க. சரி, சொல்லித்தான் பாப்பமேன்னு எந்திரிச்சேன். சத்தியமா எந்திரிச்சேன். சம்மந்தியம்மா பக்கத்துல போயி நின்னேன். அவிய நிமுந்து, "என்னங்க சம்மந்தியம்மா?"ன்னாங்க.

"காபி நெம்ப நல்லாருக்குதுங்க, உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுங்களா?"ன்னு கேட்டுப்போட்டு வந்துட்டேன். நல்லாவேயில்லீங்க அது. அடியில பூராம் தூளு. கசாயமாட்ட இருந்துச்சு.

நான் தப்பாப் பண்ணுனேன்னு நெனைக்கறீங்களா? ஒரு பேச்சுக்குச் சொல்றேன், நான் சொல்லி, அவிய எந்திரிச்சு, "அப்படியா, எம்மகனக் கொறை சொல்றயா, உம்மகள நீயே வெச்சுக்க"ன்னு சொல்லீட்டா? பாசை தெரியாத ஊர்ல, ஆம்பளத் தொணையில்லாம நான் எங்க போவேன்?

அங்கிருந்து கெளம்பறப்பத்தான் அந்த டிரைவரு வேலையக் காட்டுனான். மூணாவது ஊர்ல ஒரு சின்னக் கோயிலிருக்குது, மாதா கோயிலு, கொழந்தையில்லாதவங்க நெம்ப தூரத்துலருந்தெல்லாம் வந்து வேண்டிக்குவாங்கன்னு சும்மா இருக்க மாட்டாம மாப்ளைகிட்ட இங்கிலீசுல சொன்னான். சம்மந்தியம்மாவுக்கு இங்கிலீசு வராது. ஆனா 'பேபி'ன்னா தெரியாதுங்களா? "என்னடா சொல்றான், என்னடா சொல்றான்"னு மகனப் புடிச்சு உலுக்கீட்டாங்க. அவரும் சொல்லீட்டாரு. அப்பறம் வேன் நேரா அங்கதான் போச்சு.

கோயிலு பூட்டியிருந்துச்சு. நான் உள்ளுக்குள்ள அப்பாடான்னேன். சம்மந்தியம்மா விடுவாங்களா? எதுத்தாப்ல ஒரு வூடு. அங்க கறுப்புப் பாவாட கட்டுன ஒரு பொம்பள உக்காந்து அவரைக்காய் உரிச்சுட்டு இருந்தா. எங்க வயசுதான் இருக்கும். அவகிட்டத்தான் கோயில் சாவி இருக்குதுன்னு டிரைவரு சொன்னான். சம்மந்தியம்மா அவ முன்னால போயி, சிந்து வயித்தத் தொட்டுக் காட்டி, கைய விரிச்சு, மேல கையெடுத்துக் கும்பிட்டாங்க. அவ்வளவுதான், அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. சிந்து கன்னத்தத் தொட்டுட்டு, உள்ள போயிச் சாவி எடுத்தாந்தா. ஒரு முழம் இருக்கும் அந்தச் சாவி.

உள்ள சின்ன எடம். எண்ண விளக்கு எரியுது. மாதா படத்துக்குக் கீழ கம்பி கட்டித் தகடு தகடாத் தொங்க உட்ருக்காங்க. கால் சரியில்லாதவங்க கால் அடிச்ச தகடு, கண்ணு தெரியாதவங்க கண்ணு அடிச்ச தகடு. நம்ம கோயில்ல கண்மலர் சாத்தறமில்லீங்க, உருவாரம் வெக்கறமில்லீங்க, அதேதான். எனக்கே ஒடம்பு சிலுத்துப்போச்சு. அதுல ஒரு பக்கம் பூராம் கொழந்தைங்க. துணியில சுத்துன கொழந்தை உருவம், வரிசையா.

சம்மந்தியம்மா அதப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. கண்ணுலருந்து பொலபொலன்னு கொட்டுது. "ஆத்தா எங்க இருந்தா என்ன, ஆத்தா ஆத்தாதான். ஆடி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும், இங்கயே வரச் சொல்லிக் கூப்புட்டுட்டா பாருங்க"ன்னாங்க. அவியளும் பேரன் பேத்தி பாக்கோணும்னு ஏங்கறவங்கதான், பொய்யழுகை இல்லீங்க. அழுதுட்டே கைப்பையத் தெறந்து, டப்பாவ எடுத்து, முந்தானையால தரையத் தொடச்சு, தயிர்சோத்த எடுத்து மாதா முன்னால கல்லுத் தரையில வெச்சாங்க.

"அம்மிணி, வா. மண்டி போடு."

மாப்ளை வாசப்படியில நிக்கறாரு. கேமராவ மடிச்சுக் கையில வெச்சுட்டு, அதுல என்னமோ தூசி இருக்கறாப்லத் தொடைக்கறாரு. பாவம், அவரு என்ன பண்ணுவாரு? சம்மந்தியய்யா வெளியவே நின்னுட்டாரு. சிந்து அவியள யாரையும் பாக்கலீங்க. புருசனப் பாக்கல, மாமியாளப் பாக்கல. என்னைய மட்டும் பாத்தா. நான் ஏதாச்சும் சொல்லுவேன்னு பாத்தா. ஒரே ஒரு வார்த்தைதான். வாய் வரைக்கும் வந்துச்சு. சம்மந்தியம்மாவும் எம்மூஞ்சியவே பாக்கறாங்க.

"போடு கண்ணு. ஒரு வாய்தான்"னேன்.

மண்டி போட்டாளுங்க எம்மக. கைய ரெண்டையும் பின்னாடி சேத்துப் புடிச்சுட்டா, யாரும் கட்டக்கூட வேண்டியிருக்கல. குனிஞ்சா.

அந்தச் சாவிக்காரி மொதல்ல நம்ம சாமி கும்படற மொறைன்னு நெனச்சுச் சும்மாதான் நின்னா. சோத்துல வாய் வெச்சதப் பாத்ததும் ஒரு சத்தம் போட்டா பாருங்க, விளக்கே அணைஞ்சுபோற மாதிரி. ஓடியாந்து சிந்துவத் தோளப் புடிச்சுத் தூக்கி நிறுத்தீட்டா. கட்டியிருந்த மடித்துணியால அவ வாயத் தொடச்சா, மூக்குல ஒட்டுன சோத்தத் தொடச்சா. அவ பாசையில எங்களப் பாத்துக் கத்தறா. சம்மந்தியம்மா ஏதோ சொல்லப் போக, ஒரே கையால அக்கட்டத் தள்ளி உட்டுட்டா. எங்கிட்ட வந்தா. என்னையும் சிந்துவையும் மாத்தி மாத்திக் காட்டி என்னமோ கேட்டா. நீ அம்மாவான்னு கேக்கறான்னு புரிஞ்சுது. ஆமான்னு தலையாட்டுனேன். அப்பறம் எம்பக்கமே திரும்பலீங்க அவ. எம்மகளத் தோளோட அணச்சு அவ வூட்டுக்குக் கூட்டீட்டுப் போயிட்டா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அவ யாருங்க நடுவுல? நம்ம வழக்கம் அவளுக்கு என்ன தெரியும்? சாவி வெச்சிருந்தா எல்லாத்துலயும் தலையிடலாமா? பெத்தவ நான் பக்கத்துல நிக்கறப்ப, எம்பொண்ணத் தொட்டுத் தூக்க இவ யாரு? அவ மட்டும் அன்னிக்குச் சும்மா இருந்திருந்தா ஒரு வாய் தின்னுட்டு எந்திரிச்சு, எல்லாரும் நல்லபடியாப் படகேறியிருப்போம். சம்மந்தியம்மா மூஞ்சி செத்துப்போச்சு. நான் அவிய கையப் புடிச்சு, "மனசுல வெச்சுக்காதீங்க சம்மந்தியம்மா, நான் மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க"ன்னேன். அவிய கையக்கூடப் பின்னால இழுக்கல. அத்தன நல்ல மனசு.

அப்பறம் சிந்துவக் கூப்புடப் போனேன். அந்தச் சாவிக்காரி வூட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்கா. கையில ஒரு டம்ளர் தண்ணி. அழுகல. நான் போனதும், "அம்மா, நீ சொல்றயா, நான் சொல்லட்டுமா?"ன்னு மெதுவாக் கேட்டா. எல்லாரும் பின்னாலயே வந்து நிக்கறாங்க.

"வாய மூடு அம்மிணி"ன்னேன். பல்லக் கடிச்சுட்டுச் சொன்னேன்.

"சரி"ன்னா. மாப்ளையப் பாத்தா. அவரு மணியப் பாத்தாரு. "நீங்கெல்லாம் கெளம்புங்க, நான் கப்பலுக்கு வரல"ன்னா.

கடைசி வரைக்கும் அவ அந்த விசயத்த அவிய முன்னால சொல்லலீங்க. புருசன உட்டுக் குடுக்கல. அந்த வளப்பு எங்களுது. அதச் சொன்னாப் பெருமைன்னு நெனச்சுக்காதீங்க.

கெஞ்சுனேன், அதட்டுனேன், கால்ல விழுகறேன்னேன். அசையல. சம்மந்தியய்யா நேரமாச்சு நேரமாச்சுங்கறாரு. டிரைவரு ஹாரன் அடிக்கறான். "அவ ரெண்டு நாள்ல தானா வருவா, ஏறுங்க"ன்னு சம்மந்தியம்மா சொன்னாங்க. வேன்ல ஏறுனேன். மலை எறங்கறப்ப அந்த டிரைவரு கண்ணாடியில என்னையப் பாத்துப் பாத்து, பின்னால மலையக் கைகாட்டி என்னமோ கேக்கறான். திருப்பட்டுமான்னு கேட்டானோ என்னமோ. நான் சன்னல் பக்கம் திரும்பீட்டேன்.

படகுத் துறையில எங்களோட சேத்து ஏழெட்டுப் பேருதான் இருந்தாங்க. அவிய மூணு பேரும் ஏறீட்டாங்க. நான் ஒரு கால எடுத்து வெக்கறேன், "அம்மா"ன்னு கூப்புடறா. திரும்புனா சிந்து. ஒரு சின்ன டெம்போவுல, அந்தச் சாவிக்காரி பக்கத்துல உக்காந்து வந்து எறங்கியிருக்கா. ஆஹா, மனசு மாறி வந்துட்டான்னு எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். "வா கண்ணு, ஓடியா, படகு போயிரும்"னேன்.

அவ வேகமா வந்தா. வந்து, எம்முழங்கையப் புடிச்சா. "நான் வரலம்மா. நீ இரு. நீயாச்சும் எங்கூட இரும்மா"ன்னா.

எல்லாரும் பாக்கறாங்க. படகுக்காரன் கையாட்டறான். சம்மந்தியம்மா உள்ளருந்து, "என்னங்க, வாரீங்களா இல்லியா?"ன்னு கேக்கறாங்க. அவ புடி கெட்டியா இருந்துச்சுங்க. சின்னதுல பள்ளிக்கூடத்துல உட்டுட்டு வாரப்பக்கூட அப்படிப் புடிச்சதில்ல. நான்தான் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு உட்டேன்.

ஏறீட்டேன்.

படகு கெளம்பி, திரும்பி, கரைய உட்டுத் தள்ளிப் போற வரைக்கும் அவ அங்கயே நின்னா. கூப்புடல, கத்தல, கையாட்டல. அந்தச் சாவிக்காரி அவ முதுகத் தடவிக் குடுத்துட்டே இருந்தா. நான் பாத்துட்டே வந்தேன். என்னால வேறென்ன பண்ண முடியும்?

இப்ப பெங்களூர்ல இருக்கறா. அவ பாஸ்போர்ட்டக் கப்பல்காரங்க கரையில குடுத்துட்டுப் போயிருந்தாங்களாம். கொஞ்ச நாள் அந்தச் சாவிக்காரி வூட்லயே தங்கியிருந்து, தானே டிக்கெட் போட்டு வந்து சேந்தா. கல்யாணத்துக்கு முன்னால இருந்த கம்பெனியிலயே வேல குடுத்துட்டாங்க. கோபிக்குப் போகல. சம்மந்தி வூட்ல வக்கீல் வெச்சிருக்காங்க. பொண்ணுக்குக் கொறை, புத்தியும் சரியில்லைன்னு ஊர் பூராம் பேச்சு. போயிச் சொல்லீறலாம்னு ரெண்டு தடவ கோபி பஸ்ல ஏறிக்கூட உக்காந்தேன். கோபிக்கு முன்னாலயே சிறுவலூர்ல எறங்கி வந்துட்டேன். உங்ககிட்டன்னா பாருங்க, இத்தனையும் ஒரு மூச்சுல வருது. அவியளப் பாத்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது.

நான் பெங்களூர் போனா என்னையப் பாக்க வருவா. வாரலீன்னு சொல்ல மாட்டா. பக்கத்துல ஒரு ஓட்டல்ல உக்காந்து சாப்புடுவோம். முட்டிவலி எப்படியிருக்குதும்பா, மாத்திர சாப்பிடறயாம்பா. அந்தத் தீவப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. போன தடவதான் கேட்டா. தட்டப் பாத்துட்டே, சாதாரணமாத்தான் கேட்டா.

"ஏம்மா அன்னிக்கு ஏறுன?"

சட்டுனு வாயில வந்ததச் சொன்னேன். "உன்ற துணிமணியெல்லாம் கப்பல்ல இருந்துச்சே சாமி"ன்னேன்.

அவ எந்திரிச்சுப் போயி எனக்கு ஒரு காபி வாங்கியாந்து வெச்சா. சூடாருக்குது, ஆத்திக் குடின்னா.

பொய்யில்லீங்களே. துணியெல்லாம் கப்பல்லதான இருந்துச்சு?